முதலில் பிரேக்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டதை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் நின்று, பின்பு கேட்பாரற்றுக் கிடந்த ஒரு அம்பாசிடர் காரை, நோயாளிகளைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல நம் பங்குக்கு வாங்கினோம். முதலில் பெயின்ட் அடிக்கச் சொன்னோம். மெக்கானிக் அண்ணாச்சி பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் டிரம்முக்குள் வண்டலும் துருவும்!

“ஓடாத வண்டி ஆளைக் கொல்லாது சாமி, நிக்காத வண்டி கொன்னுரும்” என்றார்.

வெட்கப்பட்டோம். கிண்ணத்தின் உட்புறத்தை முதலில் கழுவச் சொன்ன ஆண்டவரை (மத் 23:26) மறந்திருந்தோம்.

இத்தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வெளிப்பூச்சோடு வர வேண்டாம். கோபமா, குடியா, நாவா, நாம் நிறுத்த முடியாமல் தவிப்பது எது? அதைக் கழற்றி அவர்முன் வைப்போம். ஆமென்.