"பையன் பொழைச்சுக்குவானுங்களா?"

(நன்கொடையாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



எலும்பிலும், தசை, கொழுப்பு போன்ற இணைப்புத் திசுக்களிலும் தோன்றும் புற்றுநோய் அரிதானது. ஆனால் ஆஸ்டியோசார்க்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கே, அதுவும் முழங்காலை ஒட்டியே வருகிறது. வார்டில் பெற்றோர் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, பையன் பொழைச்சுக்குவானுங்களா?"

டாக்டர் சொல்லும் சதவீதம் அவர்கள் காதில் தீர்ப்பாக விழுகிறது. அது தீர்ப்பல்ல. இதே நோய் வந்த நூறு பேரில் ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடிருந்தார்கள் என்ற கணக்கு, அவ்வளவே. கணக்கு மாறும்.

1977இல் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற 18 வயது வாலிபருக்கு இந்நோய் கண்டு வலது கால் எடுக்கப்பட்டது. பிழைக்க நூற்றுக்கு 50 வாய்ப்பு என்றார்கள். இரண்டாண்டுக்கு முன் வந்திருந்தால் 15தான் என்பதையும் அவர் அறிந்துகொண்டார். இடையில் வந்தது புதிய மருந்து. 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவி 1981இல் மரித்தார்.

காலை எடுப்பது மட்டுமே வைத்தியமாயிருந்த நாளில் நூறில் சுமார் 20 பேரே பிழைத்தார்கள். இன்று அமெரிக்கக் கணக்கின்படி, நோய் தோன்றிய எலும்பைவிட்டு வெளியே போகுமுன் கண்டால் 70க்கு மேல். நுரையீரல் போன்ற தூர உறுப்புக்குப் போனபின் கண்டால் 25 அளவில்தான். இந்த இடைவெளியைத்தான் நாங்கள் திருப்பூரில் அன்றாடம் பார்க்கிறோம்.

அப்பா கட்டிங், அம்மா செக்கிங். ஷிப்டுக் கணக்கில் சனிக்கிழமை சம்பளம். பிள்ளைக்கு முழங்கால் வீங்கினால் விளையாட்டில் அடிபட்டது என்று எண்ணெய் தேய்த்து நீவி, கட்டுப் போட்டு, இரண்டு மாதம் ஓடிவிடும். ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம், இவற்றை நீவக்கூடாது; உடனே எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

கால் போய்விடும் என்ற பயமும் உண்டு. நோயுள்ள எலும்பை மட்டும் நீக்கி, ஆளுக்கு அளவெடுத்துச் செய்த உலோக மூட்டைப் பொருத்திக் காலைக் காக்கும் அறுவையைச் சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் பல்லாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார். அளவெடுப்பதன் அருமை பனியன் ஊர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும்!

ஆனால் எங்களை அதிகம் வருத்துவது வேறொன்று. இரண்டு மூன்று தவணை மருந்து ஏறியதும் வீக்கம் வற்றும், வலி அடங்கும். குணமாயிற்று என்று வீட்டுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை. அறுவைக்கு முன்னும் பின்னுமாக மருந்து பல மாதம் ஓடவேண்டும். பாதியில் விட்டவருக்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தா.

தகுதியுள்ள குடும்பத்தின் சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. துணைக்கு வந்த தாயின் இழந்த ஷிப்டையும், கோவைக்குப் போகும் பஸ் சார்ஜையும், சென்னையில் தங்கும் வாடகையையும், வீட்டில் விட்டுவந்த தங்கச்சியின் சாப்பாட்டையும் யார் ஏற்பது? இத்தனை ரூபாய்க்காகவா வைத்தியம் நின்றது என்று வியப்பீர்கள். அதற்காகத்தான் நிற்கிறது.

ஆகையால் அந்தக் கேள்விக்கு நாங்கள் எண்ணைச் சொல்வதில்லை. அடுத்த ஊசிக்கு எந்தத் தேதி போட்டிருக்கிறார்கள், அன்று கூட வர யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.