செல் எந்தப் பக்கம் பிரியுது?

இன்னிக்கு தூத்துக்குடி முத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

1973-ல, பக்கத்துல இருக்கிற வேப்பலோடையில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட விஞ்ஞானி அழகர்சுவாமி தலைமையில உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டினாங்க. சிப்பியோட ஓட்டைச் சுரக்கிறது அதோட மேன்டில் திசு. அதுல ஒரு சின்னத் துண்டை வெட்டி, ஒரு மணியோட சேர்த்து இன்னொரு சிப்பிக்குள்ள வைக்கணும். துண்டுல இருக்கிற செல்கள் பெருகி, மணியைச் சுத்தி ஒரே அடுக்கா ஒரு பை கட்டும். அந்தப் பை சுரக்கிறதுதான் முத்தோட பளபளப்பு.

"ஒரே அடுக்கா"ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க. செல் பக்கவாட்டுல பிரிஞ்சா விரிப்பு அகலமாகும். மேல கீழன்னு பிரிஞ்சா அடுக்கு ஏறும்.

நம்ம தோலுக்கு இது ரெண்டுமே தேவை. அடி அடுக்குல இருக்கிற ஸ்டெம் செல் பக்கவாட்டுல பிரிஞ்சா ரெண்டு பிள்ளைகளும் அடியிலயே தங்கும். மேல்கீழா பிரிஞ்சா ஒண்ணு தங்கும், இன்னொண்ணு மேல ஏறித் தோலா மாறும். எலிக் கருவுல இதை லெக்லரும் ஃபுக்ஸும் 2005-ல காட்டினாங்க.

சரி, திசையை யார் முடிவு பண்றா?

துறைமுகத்துல சரக்குக் கப்பலைக் கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. முன்னாலயும் பின்னாலயும் வடம். கரையில இரும்புக் குத்தி. வின்ச் இழுக்க இழுக்க கப்பல் மேடையோட ஒட்டி நிக்கும். செல்லுக்குள்ள குரோமோசோம்களைப் பங்கு பிரிக்கிற ஸ்பிண்டில்தான் கப்பல். அதுல இருந்து போற நுண்குழாய்கள் வடம். செல் சவ்வோட உள்பக்கத்துல இருக்கிற எல்ஜிஎன், நூமா புரதங்கள் குத்தி. டைனீன்ங்கிற மோட்டார் புரதம் வின்ச். குத்தி எங்கேயோ, கப்பல் அந்தப் பக்கம் திரும்பும். அப்புறம் கப்பலோட நடுவுல, குறுக்கால செல் ரெண்டாகும்.

கட்டினது கோணலா இருந்தா? ஆண் பழ ஈயோட விந்தணு ஸ்டெம் செல்லுல யமஷிதா குழு இதைத்தான் பார்த்தாங்க. வடம் கிளம்புற இடமான சென்ட்ரோசோம் சரியான பக்கம் இல்லேன்னா, செல் பிரியாம காத்திருக்கு! ஈக்கு வயசாக ஆக இந்தக் கோணல் கூடுது, காத்திருப்பும் கூடுது, விந்தணு உற்பத்தி குறையுது.

காத்திருக்காம தப்பாப் பிரிஞ்சா இன்னும் ஆபத்து. எல்ஜிஎன்னுக்கு ஈயில இருக்கிற சொந்தக்காரப் புரதம் பின்ஸ். அது கெட்டுப்போன மூளைத் திசுவை வேற ஈக்குள்ள வச்சப்போ கட்டியா வளர்ந்துச்சு. ரெண்டு பிள்ளைகள்ல ஒண்ணு வேலைக்குப் போகணும். அது போகாம ஸ்டெம் செல்லாவே நின்னுட்டா, கூட்டம் பெருகிட்டே போகும்.

புற்றுநோய்னா செல் எவ்வளவு வேகமா பெருகுதுன்னுதான் கேட்கிறோம். எந்தப் பக்கம் பிரியுதுன்னும் கேட்கணும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.