வால் ஆட்டினால் சம்மதமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! அன்பையே ஆயுதமாக ஏந்தி வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, தலைசுற்றல் தெளிந்து, ஏற்காட்டுக் குளிரில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

அடுக்குமாடி வீட்டில் பெரிய நாய் வளர்ப்பதற்குக் காரணம் அன்பே என்று எதிரணி முழங்கியது. ஆசையே என்பது எங்கள் கட்சி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 'எனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பது ஆசை. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பது அன்பு.

எதிரணித் தலைவர் சட்டம் பேசினார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையைக் காட்டி நாயைத் தடுக்க முடியாது; சின்ன நாய்க்குச் சரி, பெரிய நாய்க்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது; லிஃப்டில் ஏற்றக் காசு கேட்கவும் முடியாது என்றார். முழுக்க உண்மை. சங்கச் செயலாளர்கள் யாராவது வந்திருந்தால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்! (சிரிப்பு) ஆனால் நடுவர் அவர்களே, நான் நாய் வளர்க்கலாமா என்பதற்குத்தான் அதில் பதில் இருக்கிறது. அந்த வீடு அந்த நாய்க்குப் பொருந்துமா என்பதற்கு யார் பதில் சொல்வது?

நம்ம ஊர் நாய்களையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்தது இராஜபாளையம் நாய். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம். சிப்பிப்பாறை நாய், முயலை விரட்டிப் பிடிக்கிற இனம். அதைக் கொண்டுவந்து ஆறாவது மாடியில், சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் நிறுத்தினால் அது எதை விரட்டும்? வேலைக்கார அம்மாவைத்தான் விரட்டும்! (சிரிப்பு) 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்பது பழமொழி. அடுக்குமாடி நாய்க்கு நேரம் நிறைய இருக்கிறது, ஓடத்தான் இடமில்லை. இதே சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துக் காவல் நாயைப் பாருங்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ராஜா மாதிரி சுற்றி வரும்.

'கிரேட் டேன் உருவத்தில்தான் பெரிது, வீட்டுக்குள் சாதுவாகப் படுத்துக்கொள்ளும்' என்றார் எதிரணிச் சகோதரி. ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஆக, சதுர அடி மட்டும் கணக்கில்லை; நேரமும் கணக்கு. காலையும் மாலையும் அதை வெளியே கூட்டிப் போவது யார்? நாய் வேண்டும் என்று அடம்பிடிப்பது பையன். பேர் வைப்பது பொண்ணு. 'என் நாய், என் நாய்' என்று ஆபீஸில் பெருமை அடிப்பது அப்பா. விடியற்காலை அஞ்சரை மணிக்குச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போவது யாரு? அம்மா! (பலத்த கைதட்டல்) 'ஏங்க, ஒருநாள் நீங்க போகக் கூடாதா?'ன்னு கேட்டா, 'உன்கிட்டதான்மா அது ஒட்டுதலா இருக்கு'ன்னு பதில் வரும்!

அடுத்தது வெயில். இந்த ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். இன்று மதியம் ஏரிக்கரையில், கீழேயிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் சைபீரியன் ஹஸ்கி நாயை இறக்கியது. குளிர்காற்று பட்டதும் அது போட்ட ஆட்டத்தைப் பார்க்கணுமே! 'வீட்டுல எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்கும் சார், இன்னைக்குத்தான் இப்படித் துள்ளுது' என்றார் அதை வளர்ப்பவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அந்த வசதி இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். பனிப்பிரதேசத்துக்கென்று இரட்டை ரோமக் கம்பளி போர்த்திப் பிறந்த பிராணிக்கு, சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் வீடு!

'ஆனால் எங்கள் நாய் சந்தோஷமாக இருக்கிறதே, எங்களைக் கண்டதும் வாலை ஆட்டுகிறதே' என்பீர்கள். இங்கேதான் நாலடியாருக்கு வருகிறேன். நண்பராகக் கொள்ளத் தக்கவர் யார் என்று சொல்ல வந்த அந்த நூல், யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் அவனைப் பார்த்து வாலைக் குழைக்கும். நாயின் பெருமைக்காகச் சொல்லப்பட்டது அது. நான் அதை நமக்கு ஓர் எச்சரிக்கையாகப் பார்க்கிறேன். வேல் தைத்தபோதும் வாலாட்டுகிற ஜீவன், பால்கனியில் கட்டிப்போட்டாலும் வாலாட்டத்தானே செய்யும்? அந்த வாலாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? (கைதட்டல்)

அது மனு எழுதாது. சங்கக் கூட்டத்தில் கை தூக்காது. அதற்காகக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தான். பெரிய இன நாய்க்கு ஆயுள் ஏறத்தாழ 8 முதல் 12 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் தினம் இரண்டு வேளை நடக்க ஆள் உண்டா? நம்ம ஊர் வெயிலைத் தாங்கும் இனமா? ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள யார்? இவ்வளவுக்கும் பதில் வைத்திருப்பவர் ஆறாவது மாடியிலும் தாராளமாக வளர்க்கட்டும். அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பதில் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்பதற்காக வாங்கினால் அது ஆசை. ஊரில் நான் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். ஆகவே, ஆசையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.