பேயும் சினிமாவும்
(தென்காசியில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சினிமா. சுயமரியாதைக்காரர்களுக்குச் சினிமாவில் என்ன ஜோலி என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சினிமாவைப்பற்றி நமக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது என்பதும் உண்மைதான். ஆனால் ஜனங்கள் கோவில் மண்டபத்தில் சும்மா உட்கார்ந்து புராணம் கேட்ட காலம் போய், கொட்டகையில் காசு கொடுத்து உட்கார்ந்து புராணம் கேட்கிற காலம் வந்துவிட்டபடியால், நாமும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டியதாகிவிட்டது.

2005-ஆம் வருஷம் ஏப்ரலில் 'சந்திரமுகி' என்று ஒரு படம் வந்தது உங்களுக்குத் தெரியும். சென்னை சாந்தி கொட்டகையில் மட்டும் 890 நாள் ஓடிய படம் அது. 2023 செப்டம்பரில் அதற்கு இரண்டாம் பாகம் வந்தது. இரண்டையும் எடுத்தவர் ஒரே டைரக்டர், பி. வாசு அவர்கள். இந்த இரண்டாம் படத்தைப்பற்றி, குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்களிடத்திலும், இந்த ஊர் டீக்கடையிலுமாக நாம் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தோம். ஒருவர், "ஜோதிகா மாதிரி கண்ணை உருட்ட இந்த அம்மாளுக்கு வரவில்லை" என்றார். மற்றொருவர், "வடிவேலு அதேதான், சிரிப்புத்தான் பழசாகிவிட்டது" என்றார். இன்னொருவர், "அண்ணாச்சி, பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது, சிரிக்க வேண்டிய இடத்தில் தூக்கம் வருகிறது" என்றார். இதைவிட நல்ல விமர்சனத்தைப் பத்திரிகைக்காரர்கள்கூட எழுதியிருக்க மாட்டார்கள். கடைசியாக ஒரு பெரியவர் சொன்னதுதான் நம்மை இந்த மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்தது. "முதல் படத்தில் பேயே இல்லை என்று சொல்லி ஏமாற்றிவிட்டான், இதில்தான் நிஜமான பேயைக் காட்டினான்" என்றார் அவர். பக்கத்திலிருந்தவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

தோழர்களே! குறை சொன்ன அத்தனை பேரும் கண்ணையும், நாட்டியத்தையும், நகையையும், சிரிப்பையும் பற்றிக் குறை சொன்னார்கள். முதல் படத்திலிருந்த வைத்தியரை வெளியே தள்ளிவிட்டு, அந்த நாற்காலியில் பேயை உட்கார வைத்துவிட்டார்களே என்று ஒருவராவது கேட்கவில்லை.

முதல் படத்தின் கதை இங்கே பிறந்ததல்ல. இங்கிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாய் ஏறினால் மலையாளம். 1956-ஆம் வருஷம்வரை செங்கோட்டையே அந்தச் சீமையோடு சேர்ந்திருந்ததுதான். அந்த மலையாளத்தில் 1993-இல் 'மணிச்சித்திரத்தாழ்' என்று ஒரு படம் எடுத்தார்கள். அது கன்னடத்துக்குப் போய், பிறகு நம்மிடம் 'சந்திரமுகி'யாக வந்தது. கதை என்னவென்றால், ஒரு பழைய மாளிகைக்குக் குடிவந்த பெண், அங்கே முன்காலத்தில் கொல்லப்பட்ட நாட்டியக்காரியின் கதையைக் கேட்டுக் கேட்டுத் தன்னையே அவளாக நினைத்துக்கொள்கிறாள். வீட்டிலுள்ளவர்கள் பேய் என்கிறார்கள். மனோவைத்தியர் ஒருவர் வந்து, "இது பேயல்ல, மனதில் உண்டான நோய்" என்கிறார். ரஜினிகாந்த் வாயால் இது சொல்லப்பட்டபடியால், நாம் ஊர் ஊராய்த் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத ஜனங்கள் விசில் அடித்துக்கொண்டு கேட்டார்கள்.

அந்தப் படமும் முழு யோக்கியமான படம் என்று நாம் சொல்ல வரவில்லை. வைத்தியர் பக்கத்தில் ஒரு மந்திரவாதியையும் நிறுத்தி வைத்தார்கள். மாளிகைக்குள் ஒரு பெரிய பாம்பையும் நெளியவிட்டார்கள். இரண்டு பக்கத்துக் காசும் வேண்டுமல்லவா? அதிலே காட்டியபடி ஒரே ராத்திரியில் பொம்மையைக் கொளுத்தி இந்த நோயைத் தீர்த்துவிடவும் முடியாது. நிஜத்தில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேசிப் பேசித் தீர்க்க வேண்டிய நோய் அது. ஆனாலும், நோய் என்ற வார்த்தையை அந்தப் படம் சொல்லிற்று. அதுதான் அதன் பெருமை.

இரண்டாம் படத்தில் என்ன ஆயிற்று? ஒரு பணக்காரக் குடும்பத்துக்குக் கஷ்டத்துமேல் கஷ்டம் வருகிறதாம். சாமியார் ஒருவர் குலதெய்வத்துக்குப் பூஜை செய்யச் சொல்கிறாராம். அதற்காக அதே மாளிகைக்கு வருகிறார்கள். அங்கே சந்திரமுகியின் ஆவி நிஜமாகவே ஒரு பெண்ணின் உடம்பில் ஏறிவிடுகிறது. ராஜாவின் ஆவிக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நோய் போய்விட்டது, வைத்தியர் போய்விட்டார், சாமியாரும் பூஜையும் பேயும் மிச்சம். பதினெட்டு வருஷத்தில் நாம் முன்னுக்கு வந்த லட்சணம் இது!

இன்னொரு சங்கதியையும் யோசித்துப் பாருங்கள். கதைப்படி குற்றவாளி யார்? ராஜா. இஷ்டமில்லாத பெண்ணைத் தூக்கி வந்தவன் அவன். அவள் காதலனைக் கொன்றவன் அவன். அவளை உயிரோடு கொளுத்தியவனும் அவன். முதல் கதையில் அவன் சுகமாய்ச் செத்துப்போனான். பேயாய் அலைய வேண்டியவள் மட்டும் கொளுத்தப்பட்டவள்! நம் திருநெல்வேலிச் சீமை ஊர்களில் பேய் யார் மேல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பண்ணையார் மேல் வருகிறதா? வட்டிக்கடைக்காரர் மேல் வருகிறதா? புதிதாய்க் கட்டிக்கொண்டு வந்த மருமகள் மேல் வருகிறது, பிள்ளை பெறாதவள் மேல் வருகிறது, இளம் விதவை மேல் வருகிறது. சும்மா இருக்கும்போது அவள் வாயைத் திறந்தால் "உனக்கென்னடி பேச்சு" என்கிறவர்கள், அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடும்போது மாத்திரம் கைகட்டி நின்று, "தாயே, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். நமது வீடுகளில் பெண்கள் மனதிலிருப்பதைப் பேசுவதற்குப் பேய்தான் வக்கீலாக வரவேண்டியிருக்கிறது. அதற்குப் பீஸ் என்ன தெரியுமா? வேப்பிலை அடி, சவுக்கடி, பிடி முடியைக் கத்தரித்து மரத்தில் ஆணியடிப்பது!

"இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, வெள்ளைக்காரன் பேய்ப்படம் எடுக்கவில்லையா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. எடுக்கிறான். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் என்பவர் 'டிராகுலா' என்று ஒரு கதை எழுதினார். கல்லறையிலிருந்து எழுந்து வந்து ரத்தம் குடிக்கிற பிரபு, நம்முடைய ரத்தக்காட்டேரியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958 முதல் 1973 வரை இங்கிலாந்தில் ஹாமர் கம்பெனிக்காகக் கிறிஸ்டபர் லீ என்ற ஒரே நடிகர் ஏழு தடவை அந்த வேஷம் போட்டார். ஒவ்வொரு படத்திலும் பிரபுவை ஒழித்துவிடுவார்கள். வசூல் நன்றாயிருந்தால் அடுத்த படத்தில் எழுந்துவிடுவார். பேயை எழுப்புகிற மந்திரம் டிக்கெட் விற்கும் ஜன்னலில்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே அந்தப் பேய் சினிமாவுக்கு வருவதற்கு முன்னே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1732 வாக்கில் செர்பியா நாட்டுக் கிராமங்களில், செத்தவர்கள் எழுந்து வந்து ரத்தம் குடிக்கிறார்கள் என்று பீதி கிளம்பி, புதைத்த பிணங்களைத் தோண்டி எடுத்து மார்பில் கட்டை அடித்தார்கள், தலையை வெட்டினார்கள், எரித்தார்கள். பிணம் ஊதியிருக்கிறது, வாயோரம் ரத்தம் இருக்கிறது என்பது அவர்கள் சாட்சி. பிணம் அழுகும்போது வயிற்றில் வாயு சேர்ந்து ஊதும். அந்த அழுத்தத்தால் கறுத்த நீர் வாய் வழியாய் வெளியே வரும். பிண அறையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1755-இல் ஆஸ்திரியாவின் ராணி மரியா தெரேசா தன் வைத்தியர் வான் ஸ்வீட்டன் என்பவரை விசாரிக்கச் சொன்னாள். அவர் இது வெறும் அறியாமை என்று எழுதிக் கொடுத்தார். பிணத்தைத் தோண்டக்கூடாது என்று ராணி உத்தரவு போட்டாள். அங்கே வைத்தியர் முதலில் பேயை வீட்டைவிட்டுத் துரத்தினார்; பிறகுதான் அது கூத்தாடப் போயிற்று. அங்கேயும் மூடர்கள் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. ஆனாலும் டிராகுலா படம் பார்த்துவிட்டுப் போகிறவன், வீட்டிலே நோயாய்க் கிடக்கிற பெண்சாதியைக் கட்டி வைத்து அடிப்பதில்லை.

இங்கே கதை வேறு. குற்றால அருவி தலையில் விழுந்தால் சித்தப்பிரமை தெளியும் என்று நெடுநாளாய் ஒரு நம்பிக்கை. குளித்தால் உடம்புக்குச் சுகம்தான், நாமும் குளித்தோம். ஆனால் மனநோய்க்கு மருந்து அருவியில் இல்லை. கோவிலுக்கும், தர்காவுக்கும், மாதா கோவிலுக்கும் நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். இதில் மட்டும் எல்லா மதக்காரர்களும் ஒற்றுமை. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், அப்படிக் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. எழுந்து ஓட வழியில்லாதபடி சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேரைப் பேய் பிடித்தவர்கள் என்று சொல்லிச் சொந்த வீட்டார் கொண்டுவந்து விட்டிருப்பார்கள்? மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு சினிமாக்காரர்கள் நமக்குக் கொடுத்தது, வைத்தியர் இல்லாத சந்திரமுகி.

சினிமாவால் வேறு மாதிரி செய்ய முடியாது என்பதும் இல்லை. திருவல்லாவில் பிறந்து, இலங்கையில் வாத்தியாராயிருந்த ஆபிரகாம் கோவூர் என்ற பகுத்தறிவாளர், பேய் வீடு என்று சொன்ன இடங்களுக்கெல்லாம் நேரே போய், கல் எறிந்த கையைப் பிடித்துக் காட்டியவர். தெய்வசக்தி உண்டென்று மோசடியில்லாமல் நிரூபிக்கிறவர்களுக்கு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். 1978-இல் அவர் சாகும்வரை ஒருவரும் வாங்கவில்லை. அவர் பார்த்த மனநோய்க் கேஸ் ஒன்றை வைத்து மலையாளத்தில் 1972-இல் 'புனர்ஜன்மம்' எடுத்தார்கள். அடுத்த வருஷம் தமிழில் 'மறுபிறவி' என்று வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னே முடிந்திருக்கிறது.

ஆகையால் அடுத்த பாகம் எடுத்தால், பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. வெளியே வந்ததும் கண்ணையும் நகையையும்பற்றிப் பேசுகிறபோது, வைத்தியர் எங்கே போனார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெண் தூங்காமல், சாப்பிடாமல், தானாய்ப் பேசிக்கொண்டிருந்தால், கோடாங்கி வீட்டுக்குப் போகிற அதே பஸ்ஸில் ஏறி ஜில்லா ஆஸ்பத்திரியில் இறங்குங்கள். மனோவைத்தியம் எங்கே என்று சீட்டு எழுதுகிற இடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பேயை நேரில் பார்த்ததாகச் சொல்லும் தோழர்கள் இருவர் பின்வரிசையில் இருப்பதாகத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அவர்கள் தயவுசெய்து மேடைக்கு வரவேண்டும். இன்று ராத்திரி அந்த வீட்டிலேயே தங்க நமக்கு ஆட்சேபணையில்லை.