திரைப்பாட்டும் சமயப் பொருளும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சினிமாப் பாட்டில் சமயத்தைத் தேடுதல் மணலில் எண்ணெய் பிழிவது போலாம் என்பர் சிலர். வேறு சிலரோ, காதற் பாட்டையெல்லாம் சீவான்ம பரமான்ம உறவென்று வலிந்து பொருள் கொள்வர். இவ்விரு சாராரும் பாட்டைக் காதாற் கேட்டனரேயன்றிக் கருத்தாற் கேட்டாரில்லை.

ஒரு பாட்டைச் சான்றாகக் கொள்வோம். 1962-இல் வெளிவந்த 'பாத காணிக்கை' படத்துக்குக் கவிஞர் கண்ணதாசன் இயற்ற, டி. எம். சௌந்தரராஜன் பாடியது அது. உறவினர் எதுவரை, மனைவி எதுவரை, பிள்ளை எதுவரை என அளந்து, அதற்கப்பால் உடன்வருவார் யார் என்று வினவும் அப்பாட்டை அறியாதார் நம்முள் இலர். சாவைப் பற்றிய பாட்டு, வீட்டில் ஒலிக்கலாகாது என்று அதனை நிறுத்துவோரும் உளர்.

அவ்வளவுகோல் யாது? வீடு, வீதி, சுடுகாடு என்னும் இறுதி ஊர்வலத்தின் வழியே அது. பெண்டிர் தெருவோடு நின்றுவிடுதலும், மைந்தன் சுடுகாடு சென்று கொள்ளியிடுதலும் நம்மவருள் பலரது பழைய வழக்கம். இவ்வழியைப் பட்டினத்தார் முன்னரே பாடிவிட்டார். செல்வம் வீட்டோடும், மனைவி வீதியோடும், தலைமேற் கைவைத்தழும் மைந்தர் சுடுகாட்டோடும் நின்றுவிட, புண்ணியமும் பாவமுமே தொடரும் என்றார் அவர். ஊரார் கூடி அழுது, உடலைச் சுட்டு, நீரில் மூழ்கி, நினைவையும் ஒழித்தமையைத் திருமூலர் பாடினார்.

பட்டினத்தார் விடை கூறினார். கண்ணதாசன் வினாவோடு நிறுத்தினார். விடை கூறாமையால் இது நாத்திகம் என்பார்க்கு ஒன்று சொல்வேன். திரையரங்கில் சைவரும் வைணவரும், கிறித்தவரும் இசுலாமியரும், கடவுளை மறுப்போரும் அருகருகே அமர்ந்திருந்தனர். வினாவாக விட்டமையாலன்றோ ஒவ்வொருவரும் தத்தம் நெறிநின்று விடை தேட இடமாயிற்று! பகுத்தறிவு இயக்கத்தில் இருந்து, பின்னாளில் 'அர்த்தமுள்ள இந்துமத'மும் 'இயேசு காவிய'மும் எழுதியவர் அக்கவிஞர் என்பதும் எண்ணத்தக்கது.

ஆயின், எப்பாட்டுக்கும் இவ்வாறு பொருள் கூறலாமோ? கூடாது. யார், எந்நிலையில் பாடுகின்றார் என நோக்குக. அக்கருத்துக்கு முன்னோர் மரபு உண்டா எனத் தேடுக. சொல்லில் இல்லாத பொருளைத் திணியாதிருக்க. தலைவி தலைவனைத் தெய்வமே என்று விளித்ததனாலேயே அது பக்திப் பாடலாகிவிடாது.

இதனை இம்மேடையில் நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இக்குடியிருப்பில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் தமிழ் பயில வாய்ப்பிலர். திருமந்திரத்தை அவர்கள் ஏட்டிற் காண்பது அரிது. திரைப்பாட்டோ கைப்பேசியில் நாளும் ஒலிக்கின்றது. அதனையும் இகழ்ந்து அடைத்துவிடின், அவர்களுக்கும் பட்டினத்தாருக்கும் இடையே எஞ்சிய ஒரே வழியை நாமே அடைத்தவராவோம்.

ஆதலின் பெற்றோர்களே, ஒருநாள் இராவுணவுக்குப் பின் அப்பாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். பட்டினத்தாரின் அந்நான்கடியையும் உடன் படித்துப் பொருள் கூறுங்கள். பின்னர், உன் விடை யாது என்று பிள்ளையைக் கேளுங்கள். அது கூறும் விடையை உடனே திருத்த வேண்டா, பொறுமையோடு கேளுங்கள். தமிழும் சமயமும் அவ்வுரையாடலில் வளரும்.