மூலைக்கடை



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயிலில், எண்ணூரை அடுத்து வருவது அத்திப்பட்டுப் புதுநகர். அதற்கடுத்த நிலையம் அத்திப்பட்டு. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு மளிகைக் கடை நினைவுக்கு வருகிறது.

ஊருக்குள் இரு தெருக்கள் கூடும் முனையில் அது இருந்தது. ஆதலால் மூலைக்கடை என்று பெயர். அரிசியைப் படியாலும், எண்ணெயை ஆழாக்காலும், புளியைப் பலத்தாலும் அளந்த காலம் அது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் வந்தது. அதன் பின்னரும் பெண்கள் பலக் கணக்கிலேயே கேட்டனர். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். கடைக்காரர் மனத்துக்குள் கணக்கிட்டு நிறுத்துக் கொடுப்பார்.

என் தந்தையார் உப்பளத் தொழிலாளி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் நீர் நிரம்பிவிடும். உப்பும் இல்லை, கூலியும் இல்லை. மீண்டும் வெயில் காயும் வரையில் எங்கள் அடுப்பு எரிந்தது மூலைக்கடையின் பற்று நோட்டினால்தான்.

ஓராண்டு மழை நீடித்தது. பாக்கி ஏறிவிட்டது. கடைக்குப் போகக் கூசிய அம்மா என்னை அனுப்பினார். கடைக்காரர் நோட்டைப் பிரித்தார். எங்கள் பக்கத்தில் எழுத இடமில்லை. அவர் ஒன்றும் கூறாமல் வேறொரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, அதன் தலைப்பில் என் தந்தையாரின் பெயரை எழுதினார். பிறகு அரிசியை அளந்தார்.

எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளுக்கு ஊரார் ரயிலேறிச் செல்லத் தொடங்கியதும் கடை ரயில் நிலையத்தருகே பெயர்ந்தது. அங்கே மூலையே கிடையாது. பெயர் மட்டும் மாறவில்லை. தராசையும் பற்று நோட்டையும் கடைக்காரர் தம் கையாலேயே சுமந்து வந்தார்.

1994-இல் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. 2001-இல், இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. லாரிகள் பெருகின. கடைக்காரரின் மகன் கடையை நெடுஞ்சாலையோரம் கொண்டு சென்றார். இம்முறை மின்தராசு வந்தது. பற்று நோட்டு வரவில்லை. "கடன் இல்லை" என்றொரு பலகை தொங்கியது.

காரணம் கேட்டேன். "யார் பெயரை எழுதுவது, அண்ணே? வேலை முடிந்தால் ஆறே மாதத்தில் ஊர் திரும்பிவிடுகிறார்களே!" என்றார். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் அதனை மூலைக்கடை என்றழைக்க என் நாவு தயங்கிற்று.

பின்னொரு கார்த்திகை மாதம். மழையால் கட்டட வேலை நின்றுபோயிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் கடை முன் நின்றான். தமிழ்ப் பலகையைப் படிக்க அவனுக்குத் தெரியாது. அரிசி மூட்டையைக் காட்டினான். பிறகு வெறுங்கையை விரித்தான். கடைக்காரர் சற்று நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துத் திருப்பி வைத்துக்கொண்டு, "உன் பெயர் என்ன, தம்பி?" என்று கேட்டார்.

அன்று வீடு திரும்பியபோது, எங்கே போய் வந்தீர்கள் என்று மனைவி வினவினாள். "மூலைக்கடைக்கு" என்றேன்.