மானமும் உயிரும்

(அம்பாசமுத்திரத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி, விவாகம், தொழில் என்பனபற்றி ஆண்டுதோறும் இம்மேடையில் பேசி வருகின்றோம். இன்று, வீட்டிற்குள் மூடிவைத்துப் பேசாதிருக்கும் ஒன்றைப் பேச முன்வந்தோம். மனமுடைந்து உயிரை வெறுத்து நிற்பாரை அந்த வேளையில் காப்பது எங்ஙனம் என்பதே அது.

சென்ற ஆண்டு நம்மவருள் ஓர் இளைஞரை இழந்தோம். பெயர் கூறேம். அவருக்குக் கடன் மிகுந்திருந்ததும், சில நாளாக உண்ணாமல் உறங்காமல் இருந்ததும், "இனி நான் யாருக்கும் பாரமாயிரேன்" என்று சொன்னதும் நம்மில் பலர் அறிந்தவையே. குடும்பத்தின் மானம் கெடும் என்றெண்ணி ஒருவரும் கேட்டோமில்லை. அவர் மறைந்தபின் பதினாறு நாளும் அவ்வீட்டில் கூடியிருந்தோம். அதற்கு முந்திய பதினாறு நாளில் ஒருநாள் சென்றிருப்போமாயின்! இக்குற்றத்தில் பேசுகின்ற யாமும் பங்காளியே.

நிற்க. இவ்வகை உதவி சாஸ்திர முறையில் வளர்ந்த வரலாறு அறியத்தக்கது. 1942-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். உயிர் தப்பினோரையும் உற்றாரை இழந்தோரையும் ஆராய்ந்த எரிக் லிண்டமன் என்னும் மனநல வைத்தியர், பெருந்துயரம் ஒரு போக்கில் வந்து தணிவது என்றும், அக்காலத்தில் உடனிருந்து உதவினால் மனிதர் மீள்வர் என்றும் 1944-இல் எழுதினார். லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் 1953-இல் தொலைபேசி வழியே துயர் கேட்கும் தொண்டைத் தொடங்கினார். நம் சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் 'சிநேகா' என்னும் நிலையத்தை நிறுவினார். அங்குத் துயர் கேட்போர் பயிற்சி பெற்ற தொண்டர்களே.

இதனால் நாம் அறிவது யாது? 2023 டிசம்பரில் நம் தாமிரபரணி கரைபுரண்டதை யாவரும் கண்டோம். அவ்வெள்ளம் என்றும் நிற்கவில்லை, வடிந்தது. உயிரை மாய்க்கத் தூண்டும் மனவேகமும் பெரும்பாலும் அத்தகையதே. அது தணியும்வரை ஒருவரைக் கரையில் பிடித்து நிறுத்துவதே நம் கடன்.

நம் ஜில்லாவின் நிகழ்ச்சி ஒன்றை மறத்தற்கில்லை. 2017 அக்டோபர் 23-ஆம் நாள், கந்துவட்டிக் கொடுமை தாளாத ஒரு குடும்பத்தினர், குழந்தைகள் இருவர் உட்பட நால்வர், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாயிலில் தீக்கு இரையாயினர். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே நம் நாட்டில் உண்டு. சட்டம் இருந்தும், தளர்ந்தவர் கையைப் பிடித்து அதனிடம் அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அவ்வொருவராய் நிற்பதற்கன்றோ சங்கம்?

இனிச் செய்யத்தக்கவற்றைச் சொல்லுவோம்.

முதலாவது, கேளுங்கள். "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று அன்போடு நேரே கேட்டால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறு. கேட்கப்பட்டவர் பாரம் இறங்கப் பெறுவர். அவர் பேசுங்கால் உபதேசமும் கண்டிப்பும் வேண்டா. செவி கொடுத்தலே போதும்.

இரண்டாவது, தனியே விடாதீர்கள். அபாயமானவற்றை அப்புறப்படுத்துங்கள். காரும் பிசானமும் விளையும் ஊர் நம்முடையது. பயிருக்கு அடிக்கும் மருந்து வீட்டு மூலையில் கிடக்கின்றது. அதனைப் பூட்டிய பெட்டியிலோ, ஊருக்குப் பொதுவான அறையிலோ வைத்தல் நன்று. கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சிற்றூர்களில் இதனைச் செய்து பார்த்துள்ளனர்.

மூன்றாவது, வைத்தியரிடம் உடன் செல்லுங்கள். நம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ செல்ல நாணம் ஏன்? 14416 என்னும் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் ஏற்பாடு அது. போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி, முயன்று பிழைத்தவரை மறைப்பாரும் உளர். கடும் மனத்துயரால் அவ்வாறு செய்தாரெனக் கொண்டு, தண்டியாமல் பரிபாலிக்க வேண்டுமென 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ளது.

நான்காவது, பின்னரும் போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரியினின்று மீண்ட முதற் சில வாரங்களே மிக்க கவனம் வேண்டுவன. அப்போது ஊர் வம்பு பேசுவோர் அவருக்குப் பகைவரே.

ஐந்தாவது நம் சங்கத்தைப் பற்றியது. நிதியில் ஒரு பகுதியை வட்டியில்லாக் கைமாற்றாக ஒதுக்கவும், தெருவுக்கு ஓர் ஆடவரும் ஒரு பெண்மணியும் துயர் கேட்கப் பயிற்சி பெறவும் இக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகின்றோம். உதவி நாடி வந்தவர் நம்மவரா பிறரா என்று அவர்கள் கேட்கலாகாது. தாமிரபரணி யாரென்று கேட்டா நீர் தருகின்றது?

மானம் பெரிதென்று வளர்க்கப்பட்டோம். அதனைக் குறை கூறோம். ஆயினும் கடன்பட்டவனுக்கும், தேர்வில் தவறிய பிள்ளைக்கும், புகுந்த வீட்டில் வாடும் பெண்ணுக்கும் வாய்திறக்க இடமில்லாமல் செய்வது மானமன்று. அவர்கள் நம் வாயிற்கதவைத் தட்டக்கூடுமாயின், அதுவே நம் குலத்திற்கு மானம்.